மூக்குக் கூரையும் கண் சுவரும்: எண்டோஸ்கோப் சைனஸ் அறுவையில் வழி தவறாமல் இருக்க

சைனஸ் என்பது மூக்கைச் சுற்றியுள்ள எலும்புக்குள் இருக்கும் காற்றறை. மூக்கின் வழியே ஸ்கோப் விட்டுச் செய்யும் சைனஸ் அறுவையில், கருவி நுனிக்கும் கண்குழிக்கும் நடுவே உள்ள எலும்பு அரை மில்லிமீட்டர்கூடத் தேறாது. மேலே மூளையைத் தாங்கும் கூரையில் ஓரிடம் அதைவிடவும் மெல்லியது. பின்னால், ஸ்பீனாய்டு சைனஸின் பக்கச் சுவரில் பார்வை நரம்பும், மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோடிட் தமனியும் ஒட்டி ஓடுகின்றன. இத்தனை நெருக்கத்தில் பத்திரமாக வேலை செய்ய ஒரே வழிதான் உண்டு: கருவியை முன்னே நகர்த்துமுன், இப்போது எந்த எலும்பின் மேல் நிற்கிறோம் என்று பெயர் சொல்லத் தெரிய வேண்டும். சொல்ல முடியாவிட்டால் நகரக் கூடாது. அப்படிப் பெயர் சொல்ல உதவும் எலும்புகள், மடிப்புகள், துளைகள் இவற்றைத்தான் அடையாளங்கள் என்கிறோம்.

தஞ்சாவூரோ திருவாரூரோ நாகப்பட்டினமோ, டெல்டா மாவட்ட மருத்துவமனைகளின் இ.என்.டி. பிரிவுக்குப் புதிதாக வரும் பயிற்சி மருத்துவர்களுக்கும் தியேட்டர் செவிலியர்களுக்கும் இது முதல் பாடமாக இருக்கட்டும் என்று எழுதுகிறோம். அறுவைக்குத் தேதி வாங்கியிருக்கும் வீட்டாரும் படிக்கலாம். ‘மூக்கில்தானே செய்கிறார்கள், இதற்கு ஏன் இத்தனை ஸ்கேன்?’ என்ற கேள்விக்கு இதில் பதில் இருக்கிறது.

எதைத் திறக்கிறோம்

கன்னத்துக்குள் மேக்சிலரி, நெற்றியில் ஃப்ரான்டல், இரு கண்களுக்கும் நடுவே சிறு சிறு அறைகளாக எத்மாய்டு, எல்லாவற்றுக்கும் பின்னால் மண்டையின் நடுவில் ஸ்பீனாய்டு. இடமும் வலமுமாக இப்படி நான்கு ஜோடி சைனஸ்கள். இவற்றில் மேக்சிலரி, ஃப்ரான்டல், முன் எத்மாய்டு மூன்றும் சளியை வடிப்பது, மிடில் டர்பினேட்டின் (மூக்கின் பக்கச் சுவரிலிருந்து நீட்டியிருக்கும் நடு எலும்பு மடிப்பு) வெளிப்பக்கத்தில் உள்ள ஒரே குறுகலான சந்தில். வடிகால் மதகில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டால் மேல் வயல் முழுவதும் நீர் நின்று பயிர் அழுகும். வயலை வெட்டிப் பயனில்லை, மதகைத்தான் திறக்க வேண்டும். சைனஸ் அறுவையின் அடிப்படை எண்ணமும் அதுவே.

அந்த மதகு எது என்பதில்தான் கவனம் வேண்டும். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் வால்டர் மெசர்கிளிங்கர் செய்த ஆய்வுகள், சைனஸுக்குள் சளி கண்டபடி வழிவதில்லை, சிலியா என்ற நுண்மயிர்கள் அதை எப்போதும் இயற்கையான வாயை நோக்கியே தள்ளுகின்றன என்று காட்டின. நாம் வேறிடத்தில் துளை போட்டாலும் சளி பழைய வாயைத் தேடித்தான் போகும். ஹெரால்ட் ஹாப்கின்ஸ் வடிவமைத்த கண்ணாடித் தண்டு லென்ஸ் ஸ்கோப் கைக்கு வந்தபின் இந்த அறிவு அறுவை முறையாக மாறியது. 1985இல் அமெரிக்காவின் டேவிட் கென்னடி எழுதிய கட்டுரைகளோடு ‘ஃபெஸ்’ (ஃபங்ஷனல் எண்டோஸ்கோபிக் சைனஸ் சர்ஜரி) என்ற பெயர் நிலைத்தது.

ஸ்கேனை வாசிக்காமல் கத்தி இல்லை

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ ஸ்கேன் எடுத்துக்கொண்டு வருபவர்கள் பலர் ஒரே ஒரு பிலிமைச் சுருட்டி எடுத்து வருவார்கள். சிறு சிறு படங்களாக அச்சிட்ட அந்த பிலிம் நோய் இருக்கிறதா என்று சொல்லும், வழி சொல்லாது. அனுப்பும் சீட்டிலேயே தெளிவாக எழுதிவிட வேண்டும்: பாராநேசல் சைனஸ் சி.டி., கான்ட்ராஸ்ட் (சாய ஊசி) வேண்டாம், 1 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லிய வெட்டு, கரோனல் (முகத்துக்கு இணையாக), ஆக்சியல் (கிடைமட்டமாக), சாஜிட்டல் (பக்கவாட்டுத் தோற்றத்தில்) மூன்று தளங்களிலும், போன் விண்டோவில் (எலும்பு தெளிவாகத் தெரியும் அமைப்பில்), முழுத் தொகுப்பும் டிஸ்க்கில். சளி கொழுத்து நிற்கும் நாளில் எடுத்த ஸ்கேனில் எல்லாமே வெள்ளையாகத் தெரியும். முதலில் சில வாரங்கள் மருந்து கொடுத்து, பிறகு எடுப்பது நல்லது.

ஒரு பக்கத்தில் மட்டும் சதை வளர்ந்திருந்தால் அங்கே நிற்க வேண்டும். கூரையிலிருந்து தொங்கும் சதை மூளை உறையின் பிதுக்கமாக இருக்கலாம். வளரிளம் பையனுக்கு மூக்கில் ரத்தம் கொட்டி, பின்னால் சதை தெரிந்தால் ஆஞ்சியோஃபைப்ரோமாவாக (ரத்தக் குழாய்கள் நிறைந்த கட்டி) இருக்கலாம். இரண்டிலும் புறநோயாளி அறையில் கிள்ளிப் பயாப்சி எடுப்பது ஆபத்து. கான்ட்ராஸ்ட் சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் முதலில்.

அறுவைக்கு முன் ஸ்கேனில் தேட வேண்டியவற்றை ‘க்ளோஸ்’ (CLOSE) என்ற ஐந்தெழுத்துச் சுருக்கத்தில் பலர் மனப்பாடம் செய்கிறார்கள்: கிரிப்ரிபார்ம் தட்டு, லேமினா பேப்பரேசியா, ஓனோடி அறை, ஸ்பீனாய்டு, எத்மாய்டு தமனி. நல்ல பழக்கம்தான். ஆனால் பெயரை ஒப்பித்தால் போதாது, ஒவ்வொன்றிலும் என்ன பார்க்கிறோம் என்று தெரிய வேண்டும்.

முதலில் கூரை. மூக்கின் நடுவே, மிடில் டர்பினேட்டுக்கு உட்புறம், மணம் உணரும் நரம்பிழைகள் இறங்கும் கிரிப்ரிபார்ம் தட்டு இருக்கிறது. அது எத்மாய்டின் கூரையைவிடத் தாழ்ந்தது. இந்த இரண்டு மட்டங்களையும் இணைத்துச் செங்குத்தாக நிற்கும் பக்கத் தகடுதான் முன் மண்டையடியிலேயே மிக மெல்லிய எலும்பு, 0.05 முதல் 0.2 மி.மீ. வரைதான் இருக்கும். 1962இல் கேரோஸ் என்ற உடற்கூற்று அறிஞர், கிரிப்ரிபார்ம் தட்டு தாழ்ந்து நிற்கும் இந்தப் பள்ளத்தின் ஆழத்தை மூன்றாகப் பிரித்தார்: 1 முதல் 3 மி.மீ. வரை முதல் வகை, 4 முதல் 7 வரை இரண்டாவது, 8 முதல் 16 வரை மூன்றாவது. ஆழம் கூடக் கூட, மெல்லிய தகட்டின் உயரம் கூடுகிறது. கருவி பக்கவாட்டிலிருந்து அதில் இடிக்கும் வாய்ப்பும் கூடுகிறது. கரோனல் படத்தில் இரண்டு பக்கத்தையும் தனித்தனியே அளக்க வேண்டும். வலமும் இடமும் ஒரே உயரம் என்று எடுத்துக்கொள்வது தொடக்கக்காரர்களை அடிக்கடி ஏமாற்றும் இடம்.

அடுத்தது கண் சுவர், அதாவது லேமினா பேப்பரேசியா. பழைய அடிபட்ட காயத்தால் அது உடைந்து, கண்குழிக் கொழுப்பு எத்மாய்டுக்குள் பிதுங்கியிருக்கலாம். ஸ்கோப்பில் அது பாலிப் போலவே தெரியும். அப்படி நினைத்து இழுத்தால் கண் தசையே வரும். கன்னத்துச் சைனஸ் சிறுத்து, அன்சினேட் எலும்பு வெளிப்பக்கமாக இழுக்கப்பட்டுக் கண் சுவரோடு ஒட்டியிருப்பவர்களிடம் முதல் வெட்டே கண்குழிக்குள் போய்விடும்.

ஐந்தெழுத்தில் அடங்காத ஒன்று எங்களுக்கு முக்கியமாகப் படுகிறது. கன்னத்துச் சைனஸ் உயரமாக வளர்ந்திருந்தால் அதன் உட்பக்கம் உள்ள பின் எத்மாய்டு குட்டையாக இருக்கும். மேக்சிலரியின் மேல்மட்டத்துக்கும் மண்டையடிக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது என்று கரோனல் படத்தில் அளந்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முன்னே தாராளமாக இருந்த இடம் பின்னே போகப் போகக் குறையும், ஏனெனில் மண்டையடி முன்னிருந்து பின்னோக்கிச் சரிந்து இறங்குகிறது. முன்பக்கம் இருந்த அதே உயரத்தில் நேராகப் பின்னே போகிறவர் மூளையை நோக்கிப் போகிறார்.

முன் எத்மாய்டு தமனியை, கண்ணின் உட்சுவர் ஒரு சிறு கூர்மேடாக மூக்குப் பக்கம் நீட்டும் கரோனல் வெட்டில் தேடலாம். பலரிடம் அது கூரை எலும்புக்குள் பதிந்திருக்கும். கண்ணுக்கு மேல் எத்மாய்டு அறை விரிந்தவர்களிடம் கூரையிலிருந்து விலகித் தொங்கும். அப்படித் தொங்கினால் தடுப்புச் சுவர் என்று எண்ணி வெட்டிவிடுவார்கள். அறுபட்ட தமனி கண்குழிக்குள் சுருங்கிக்கொண்டு உள்ளேயே ரத்தம் கசியும், கண் பிதுங்கும்.

ஓனோடி அறை என்பது ஸ்பீனாய்டுக்கு மேலும் பக்கவாட்டிலும் ஏறி வளர்ந்த பின் எத்மாய்டு அறை. பார்வை நரம்பு அதன் சுவரில் ஓடும். கரோனல் படத்தில் ஸ்பீனாய்டுக்குள் கிடைமட்டமாக ஒரு தடுப்புத் தெரிந்தால், மேலே இருப்பது பெரும்பாலும் ஓனோடி அறைதான், கீழே இருப்பதே உண்மையான ஸ்பீனாய்டு.

தியேட்டரில் முதல் பத்து நிமிடம்

ரத்தம் நிறைந்த படத்தில் எந்த அடையாளமும் தெரியாது. தலைப்பக்கத்தை 15 முதல் 20 டிகிரி உயர்த்துங்கள். மயக்க மருந்து நிபுணரோடு பேசி, ஆரோக்கியமான நோயாளியிடம் சராசரி ரத்த அழுத்தத்தை 60 முதல் 70 வரையிலும் நாடியை 60 அளவிலும் வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. இதய நோய், கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம் உள்ளவர்களிடம் இந்த எண்கள் பொருந்தாது.

பஞ்சுத் துண்டில் நனைத்து மூக்கில் வைக்க அட்ரினலின் 1:1000. ஊசியில் போட லிக்னோகெயினோடு 1:1,00,000 அல்லது 1:2,00,000. இந்த இரண்டும் ஒரே மேசையில், ஒரே நிறத்தில், பெயர் ஒட்டாத கிண்ணங்களில் இருக்கக் கூடாது. 1:1000 கரைசலை ஊசியில் ஏற்றினால் உயிரே போகலாம். மேல் பூசுவதில் ஒரு சொட்டு ஃப்ளூரசீன் சாயம் கலந்து நிறம் மாற்றலாம். ஊசி மருந்து போட்டு முடித்தபிறகே பஞ்சு மருந்தைத் திறப்பது என்ற வழக்கமும் உண்டு. எதுவானாலும் தியேட்டர் சிஸ்டர் வாய்விட்டுச் சொல்லி, வாங்குபவர் திரும்பச் சொல்ல வேண்டும். பஞ்சை நன்றாகப் பிழிந்து வைத்து, ஐந்து முதல் பத்து நிமிடம் பொறுத்திருங்கள். பொறுமை இல்லாமல் உடனே தொடங்குவதால்தான் பிறகு அரை மணி நேரம் உறிஞ்சிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

கண்களை மூடித் துணி போர்த்தக் கூடாது. இரண்டு கண்களும் போர்த்திய துணிக்கு வெளியே தெரிய வேண்டும். உள்ளே வேலை நடக்கும்போது உதவியாளர் இமைமேல் விரல் வைத்து மெல்ல அழுத்தினால், கண் சுவரில் ஓட்டை இருக்குமிடத்தில் ஸ்கோப்பில் அசைவு தெரியும். செலவில்லாத சோதனை. சந்தேகம் வந்தபோதெல்லாம் செய்யலாம்.

கேமராவையும் சரிபார்க்க வேண்டும். கேமராத் தலை சற்றுத் திரும்பினாலும் திரையில் கூரை பக்கச் சுவராகவும் பக்கச் சுவர் கூரையாகவும் மாறிவிடும். மூக்கின் நடுத்தண்டு செங்குத்தாக, தரை கிடைமட்டமாகத் தெரிகிறதா என்று பார்த்தபின்பே தொடங்குங்கள். தொடக்கத்தில் 4 மி.மீ. தடிமன், 0 டிகிரி ஸ்கோப் போதும். 30, 45, 70 டிகிரி ஸ்கோப்புகளில் பார்க்கும் திசையும் கருவி போகும் திசையும் வேறு. எத்மாய்டும் ஸ்பீனாய்டும் முடியும்வரை 0 டிகிரியை விடாமல் இருப்பது புதியவர்களுக்குப் பாதுகாப்பு.

உள்ளே போகும் வரிசை

முதலில் மூக்கின் தரையோடு பின்வரை போய், கோயனா எனும் பின்வாயைப் பார்த்துவிட வேண்டும். தரை, நடுத்தண்டு, கோயனா மூன்றும் எந்த மூக்கிலும் எத்தனை முறை அறுவை செய்தாலும் பெரும்பாலும் அப்படியே இருப்பவை. வழி தெரியாமல் போனால் திரும்பி வர வேண்டிய இடம் இதுதான்.

அடுத்து மிடில் டர்பினேட். இதன் ஒட்டுதல் மூன்று விதம்: முன்பகுதி மேலே மண்டையடியில் செங்குத்தாக ஒட்டியிருக்கும், நடுப்பகுதி குறுக்காகத் திரும்பிக் கண் சுவரில் ஒட்டும், இதற்கு பேசல் லேமெல்லா என்று பெயர், பின்பகுதி கிடைமட்டமாகப் பக்கச் சுவரில் ஒட்டும். எத்மாய்டு வேலை முழுவதும் இந்த டர்பினேட்டுக்கு வெளிப்புறத்திலேயே நடக்க வேண்டும். அதன் மேல் ஒட்டுதலுக்கு உட்புறம் போனால் கிரிப்ரிபார்ம் தட்டு. டர்பினேட்டை நடுத்தண்டுப் பக்கம் தள்ளும்போதும் மென்மையாகத் தள்ளுங்கள். வெடுக்கென ஒடித்தால் மேலே கூரையிலேயே விரிசல் விழும்.

டர்பினேட்டுக்கு அடியில் முன்னால் தெரியும் மெல்லிய வளைந்த எலும்பு அன்சினேட். அதன் பின்விளிம்புக்கும் எத்மாய்டு புல்லாவுக்கும் (முன் எத்மாய்டின் பெரிய அறை) நடுவே உள்ள இடைவெளியில் உருண்டை நுனி புரோபை விட்டு அன்சினேட்டை முன்னோக்கி இழுத்து, பேக்பைட்டரால் (தன் பக்கமாகக் கடித்து வெட்டும் கருவி) பின்னிருந்து முன்னாக வெட்டுவது, முன்னாலிருந்து கத்தியால் குத்துவதைவிடப் புதியவர்களுக்குப் பத்திரம். பேக்பைட்டர் முன்னே போகும்போது எலும்பு திடீரெனக் கெட்டியானால் நிறுத்திவிட வேண்டும். இயற்கை வாயிலிருந்து சில மில்லிமீட்டர் முன்னால்தான் கண்ணீர்க் குழாய் ஓடுகிறது. அந்தக் கெட்டி எலும்பு அதன் எல்லை.

அன்சினேட்டின் கீழ்ப்பகுதி முழுவதும் போனால்தான் மேக்சிலரியின் இயற்கை வாய் தெரியும். இங்கே ஏமாறுபவர் அதிகம். ஸ்கோப்பில் முதலிலேயே வட்டமாக, எளிதாகக் கண்ணில் படும் துளை பெரும்பாலும் இயற்கை வாய் அல்ல. பின்பக்கச் சவ்வில் தானாக உண்டான உபரித் துளை. உண்மையான வாய் நீள்வட்டமாக, அன்சினேட்டுக்குப் பின்னே மறைந்து, 0 டிகிரி ஸ்கோப்பில் நேராகத் தெரியாமல் இருக்கும். உபரித் துளையை மட்டும் பெரிதாக்கிவிட்டால், சளி இயற்கை வாய் வழியே வெளியேறி, துளை வழியே மறுபடி உள்ளே போய்ச் சுற்றிக்கொண்டே இருக்கும். அறுவைக்குப் பிறகும் சளி நிற்கவில்லை என்று மாதக்கணக்கில் வருபவர்களிடம் இதை முதலில் தேட வேண்டும். இரண்டு துளைகளும் இருந்தால் ஒன்றாக இணைத்துவிடுங்கள்.

இப்போது கிடைத்திருப்பது இந்த அறுவையிலேயே மிகப் பயனுள்ள அடையாளம். திறந்த மேக்சிலரியின் கூரையைப் பாருங்கள்; அது கண்குழியின் தரை. அந்த உயரத்தில் பின்னோக்கிக் கிடைமட்டமாக ஒரு கோட்டை மனத்தில் இழுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டிலும் அதற்குக் கீழும் இருந்தபடி, உட்புறத்தை ஒட்டிப் பின்னே போனால் எத்மாய்டின் கீழ்ப்பாதி வழியே ஸ்பீனாய்டின் முன்சுவரை அடைவோம். மண்டையடி மேலேயே நிற்கும். டர்பினேட் வெட்டப்பட்டு, அன்சினேட் இல்லாமல், எல்லாம் தழும்பாகிப்போன மூக்கிலும் இந்தக் கோடு பெரும்பாலும் கிடைக்கும். கற்றுக்கொள்பவர் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியுமென்றால் இதை வைக்கட்டும்.

புல்லாவைக் கீழ்-உள் மூலையில் திறந்து, வெளிப்பக்கம் கண் சுவர் வழவழப்பாக, லேசான மஞ்சள் சாயலோடு தெரியும்வரை எடுக்கலாம். பிறகு பேசல் லேமெல்லா. இதையும் கீழ்-உள் பகுதியில்தான் துளைக்க வேண்டும், டர்பினேட்டின் கிடைமட்டப் பகுதிக்குச் சற்று மேலே. கிடைமட்டப் பகுதியை விட்டுவைக்காமல் வெட்டினால் டர்பினேட் பிடிமானம் இழந்து வெளிப்பக்கம் சாய்ந்து, திறந்த வழியையெல்லாம் அடைத்துவிடும். பின்னால், மூக்குக்கு ரத்தம் தரும் ஸ்பீனோபலட்டைன் தமனியின் கிளைகளிலிருந்து ரத்தமும் வரும்.

லேமெல்லாவைத் தாண்டியதும் சுப்பீரியர் டர்பினேட் எனும் மேல் மடிப்பைத் தேடுங்கள். ஸ்பீனாய்டின் இயற்கை வாய் அதற்கு உட்புறத்தில், அதற்கும் நடுத்தண்டுக்கும் இடையே இருக்கிறது. கோயனாவின் மேல்வளைவிலிருந்து 1 முதல் 1.5 செ.மீ. மேலே. மூக்கின் முன்முள்ளிலிருந்து (மூக்குத் தரையின் முன்முனை எலும்பு) ஏறத்தாழ 7 செ.மீ. ஆழத்தில், தரையோடு 30 டிகிரி சாய்வில். அளவு குறித்த சக்ஷன் குழாய் இருந்தால் ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும். ஸ்பீனாய்டின் பின்சுவர் ஏறத்தாழ 9 செ.மீ.யில் இருப்பதால், 7ஐத் தாண்டி எதையும் குருட்டாகத் தள்ளக் கூடாது. உடம்புக்கு உடம்பு மாறும் எண்கள் இவை; ஸ்கேனில் அளந்த எண்ணே அந்த நோயாளிக்கு உரியது. வாயைக் கண்டுபிடித்தபின் உட்புறமாகவும் கீழாகவும் அகலப்படுத்துங்கள். கீழே போகும்போது ஸ்பீனோபலட்டைன் தமனியின் நடுத்தண்டுக் கிளை குறுக்கே வரும், அது ரத்தம் கொட்டும். தீய்ப்பதற்குத் தயாராக இருங்கள்.

ஸ்பீனாய்டு திறந்ததும் அதன் கூரை தெரிகிறது. அதுதான் மண்டையடி. ஊகமாக இருந்த உயரம் இப்போது கண்முன் இருக்கிறது. மேலே மிச்சமிருக்கும் எத்மாய்டுத் தடுப்புகளை இனிப் பின்னிருந்து முன்னாக, கூரையை ஒட்டி எடுத்துக்கொண்டு வரலாம். பின்னிருந்து முன்னே வரும் கருவி, சரிந்த கூரையிலிருந்து விலகிக்கொண்டே வருகிறது. முன்னிருந்து பின்னே போகும் கருவி அதில் முட்டுகிறது. இழுத்துப் பிய்க்கும் கருவிகளைவிட நறுக்கும் வாயுள்ளவை நல்லவை, ஏனெனில் பிய்த்தால் தடுப்போடு கூரைத் துண்டும் சேர்ந்து வரலாம். முன்னே வரும் வழியில், நெற்றிச் சைனஸின் வடிகாலுக்குச் சற்றுப் பின்னால், முன் எத்மாய்டு தமனி சாய்வாகக் குறுக்கிடும். ஸ்கேனில் பார்த்த இடத்திலேயே எதிர்பாருங்கள்.

ஃப்ரான்டல் சைனஸைப் பற்றி இங்கே ஒரு வரி போதும்: அன்சினேட்டின் மேல்முனை கண் சுவரில் ஒட்டியிருந்தால் அதன் வடிகால் அன்சினேட்டுக்கு உட்புறம், மண்டையடியிலோ டர்பினேட்டிலோ ஒட்டியிருந்தால் வெளிப்புறம், முதல் ஆண்டில் அங்கே கை வைக்க வேண்டாம்.

அடையாளம் அழிந்த மூக்கு

டெல்டாவின் வெப்பமும் ஈரமும் பூஞ்சைக்கு ஏற்றவை. வைக்கோல் போர், களத்துத் தூசி, ஈர நெல் என்று வேலை செய்பவர்கள் பலர் மூக்கில் சதையோடு வருகிறார்கள். ஒவ்வாமைப் பூஞ்சைச் சைனஸ் நோயில், கெட்டியான பழுப்புச் சளி சைனஸை உள்ளிருந்து ஊதி விரிக்கும். கண் சுவரும் மண்டையடியும் தேய்ந்து, சில இடங்களில் எலும்பே இல்லாமல் சவ்வு மட்டும் நிற்கும். போன் விண்டோவில் ஓட்டையாகத் தெரியும் இடங்களைக் குறித்துவைத்து, அங்கே மைக்ரோடிபிரைடரைக் (சதையை உறிஞ்சி நறுக்கும் சுழல் கருவி) கொண்டுபோகாமல், சளியை நீர் பீய்ச்சிக் கழுவியும் மழுங்கிய சக்ஷனாலும் எடுக்க வேண்டும். விரிந்த மூக்கில் ஒரு வசதியும் உண்டு: இடம் தாராளம். ஆனால் எடுத்து முடிந்தபின், எதிரே துடிப்போடு தெரியும் வழவழப்பான சவ்வை இன்னும் மிச்சமிருக்கும் நோய் என்று எண்ணிப் பிய்த்துவிடக் கூடாது. அது மூளை உறையாக இருக்கலாம்.

2021இல் கோவிட்டோடு வந்த கறுப்புப் பூஞ்சை நேர்மாறானது. மியூக்கர் ரத்தக் குழாய்களை அடைத்து டர்பினேட்டையே கறுக்க வைக்கும். அடையாளம் என்று நாம் நம்பும் எலும்பே செத்துப்போயிருக்கும். அங்கே செத்த திசுவை, ரத்தம் கசியும் விளிம்பு வரும்வரை எடுக்க வேண்டும். வழிகாட்டுவது மேக்சிலரிக் கூரையும் கோயனாவும்தான்.

குளத்திலும் தேங்கிய நீரிலும் குளிப்பவர்களிடம் வரும் ரைனோஸ்போரிடியோசிஸ், சிவந்த மேற்பரப்பில் வெள்ளைப் புள்ளிகளோடு தெரியும், தொட்டால் ரத்தம் கொட்டும் சதை. சைனஸுக்குள் போக வேண்டிய தேவை குறைவு. காம்பு எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்த்து, அங்கே வெட்டி அடியைத் தீய்க்காவிட்டால் திரும்ப வரும்.

மறு அறுவைக்கு வருபவர்களிடம் பழைய அறுவைக் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள், பழைய ஸ்கேனை நம்பாமல் புதிதாக எடுங்கள். திரையில் கருவி நுனியைக் காட்டும் நேவிகேஷன் கருவி இருந்தால் நல்லது; எல்லா தியேட்டரிலும் அது இல்லை. இருக்கும் இடத்திலும் அதில் 1 முதல் 2 மி.மீ. பிழை இயல்பு. மேலே சொன்ன எலும்புகளின் தடிமனோடு ஒப்பிட்டால், அந்தப் பிழை எவ்வளவு பெரியது என்று தெரியும். தெரிந்த ஓர் அடையாளத்தைத் தொட்டு, திரையும் அதையே காட்டுகிறதா என்று அடிக்கடி சரிபார்க்காமல் அதை நம்பக் கூடாது.

ஸ்பீனாய்டுக்குள்ளிருந்து மண்டையடிக்கு

பிட்யூட்டரி கட்டிகளுக்கும் மண்டையடிக் கசிவுகளுக்கும் ஸ்பீனாய்டுதான் வாசல். உள்ளே பின்சுவரின் நடுவில் பிதுங்கித் தெரிவது செல்லா (பிட்யூட்டரி சுரப்பி இருக்கும் எலும்புக் குழி), அதற்கு மேலே ஸ்பீனாய்டின் கூரை, கீழே கிளைவஸ் (மண்டையடியின் சாய்வான எலும்பு), இருபுறமும் கரோடிட் மேடுகள். பக்கச் சுவரில் மேலே பார்வை நரம்பு மேடு, கீழே கரோடிட் மேடு, இரண்டுக்கும் நடுவே ஒரு குழிவு: ஆப்டிகோ-கரோடிட் ரிசெஸ். காற்றறை நன்றாக வளர்ந்தவர்களிடம் இந்தக் குழிவு ஒன்றைக் கண்டுபிடித்தால் மற்ற எல்லாவற்றின் இடமும் தெரிந்துவிடும். சிலரிடம் கரோடிட்டின் மேல் எலும்பே இல்லாமல் சவ்வு மட்டும் மூடியிருக்கும்.

ஸ்பீனாய்டை இரண்டாகப் பிரிக்கும் தடுப்பு நடுவில் இருக்கும் என்று நம்பக் கூடாது. அது பலரிடம் ஒரு பக்கம் சாய்ந்து, நேராகக் கரோடிட் மேட்டிலேயே போய் ஒட்டுகிறது. அதைப் பிடித்து முறுக்கினால் தமனியின் சுவர் கிழியும். ஆக்சியல் படத்தில் அது எங்கே முடிகிறது என்று பார்த்துவிட்டு, டிரில்லாலோ நறுக்கும் கருவியாலோ மட்டும் குறைக்க வேண்டும். இன்னும் பக்கவாட்டில் போக வேண்டிய அறுவைகளில் ஸ்பீனாய்டின் தரையை ஒட்டி ஓடும் விடியன் நரம்பின் கால்வாய் வழிகாட்டி: அது பின்னோக்கி நேராகக் கரோடிட்டின் வளைவைக் காட்டும். அதன் கீழ்ப்பக்கமும் உட்பக்கமும் டிரில் செய்வது, மேற்பக்கம் செய்வதைவிடப் பாதுகாப்பு.

வாயை அகலப்படுத்தும்போது குறுக்கே வந்த நடுத்தண்டுத் தமனிக் கிளைக்கு இங்கே வேறு மதிப்பு. கூரையில் பெரிய ஓட்டை போட வேண்டிய அறுவையில், நடுத்தண்டின் சவ்வை அந்தக் கிளையோடு சேர்த்து உரித்துப் பின்னர் ஓட்டையை மூடுகிறோம். அதனால் அப்படிப்பட்ட அறுவையில் கோயனாவுக்கும் ஸ்பீனாய்டு வாய்க்கும் இடையே உள்ள அந்தப் பட்டையை முதலிலேயே தீய்த்துவிடக் கூடாது.

கரோடிட் அறுந்தால் நேரம் நிமிடங்களில்தான். தொடையிலிருந்து எடுத்து நசுக்கிய தசைத் துண்டை அழுத்திப் பிடிப்பது, இரண்டு சக்ஷன், ரத்தம் ஏற்றுவது, அங்கிருந்து நேராக ஆஞ்சியோ அறை (ரத்தக் குழாயைப் படமெடுத்து அடைக்கும் இடம்). அந்த வசதி உள்ள மருத்துவமனை எது, ஆம்புலன்ஸ் எத்தனை நேரத்தில் போகும் என்பதெல்லாம் அறுவைக்கு முன்பே பேசி முடிவாகியிருக்க வேண்டும்.

தவறு நடந்தது எப்படித் தெரியும்

எடுத்த திசுவை உப்புநீர்க் கிண்ணத்தில் போட்டுக்கொண்டே வாருங்கள். மிதப்பது கொழுப்பு, கண் சுவர் திறந்துவிட்டது என்று பொருள். மஞ்சள் கொழுப்பு தெரிந்தால் இழுக்கவோ தீய்க்கவோ வேண்டாம், அந்தப் பக்கம் மைக்ரோடிபிரைடர் வேண்டவே வேண்டாம். பின் எத்மாய்டில் கண் சுவருக்கு மிக அருகில் மீடியல் ரெக்டஸ் தசை இருக்கிறது, அது போனால் கண் திரும்பாது. மூக்கில் அடைக்கும் பொதியை இறுக்கி வைக்காதீர்கள். மயக்கம் தெளியும்போது முகமூடியில் காற்றை அழுத்தி ஊத வேண்டாம் என்று மயக்க மருந்து நிபுணரிடம் சொல்லிவிடுங்கள்.

சிவப்பு ரத்தத்துக்கு நடுவே தெளிந்த நீர் (மூளையைச் சூழ்ந்திருக்கும் நீர்) ஒரு கோடாகக் கழுவிக்கொண்டு இறங்கினால் கூரை திறந்திருக்கிறது. அதன் மேலேயே சக்ஷனை வைக்காமல், ஓட்டையின் எலும்பு விளிம்பைச் சுற்றிலும் தெளிவாக்கி, அதே அமர்வில் சவ்வு, கொழுப்பு அல்லது தொடைத் தசையுறை கொண்டு மூட வேண்டும். அன்றே மூடிய சிறு ஓட்டைகள் பெரும்பாலும் நன்றாக ஆறிவிடும். பார்க்காமல் விட்ட ஓட்டைதான் மூளைக் காய்ச்சலாகத் திரும்பி வரும்.

வார்டில் இரவுப் பணியில் இருக்கும் செவிலியருக்கு: ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் இரண்டு கண்களையும் திறந்து பார்க்கச் சொல்லி, விரல் எண்ணச் சொல்லுங்கள். இமை கறுத்து வீங்குவது மட்டும் என்றால் பெரும்பாலும் ஆபத்தில்லை. கண் கல்லாக இறுகி, முன்னே தள்ளி, பார்வை மங்கினால் உடனே அழையுங்கள். மூக்குப் பொதியை எடுக்கத் தயாராகுங்கள். விழித்திரை தாங்கும் நேரம் ஏறத்தாழ 90 நிமிடம் என்றே கணக்கு வைத்துக்கொள்கிறோம். மருத்துவர் வந்ததும் கண்ணின் வெளிமூலையை வெட்டித் தளர்த்துவார்; கூடவே கண் அழுத்தத்தைக் குறைக்க மேனிட்டால் கிலோவுக்கு 1 முதல் 2 கிராம், அசிடசோலமைடு 500 மி.கி. தேவைப்படலாம். இவை வார்டு அலமாரியிலேயே இருக்கட்டும், மருந்தகம் திறக்கும்வரை காத்திருக்க முடியாது. ஒரு வாரம் கழித்து, குனியும்போது ஒரு மூக்கில் மட்டும் தண்ணீர் சொட்டுகிறது, தொண்டையில் உப்புக் கரிக்கிறது என்று நோயாளி போனில் சொன்னால் சளி என்று ஆறுதல் சொல்லி விட்டுவிடாதீர்கள். மூக்குச் சிந்தாமல் அன்றே வரச் சொல்லி, சொட்டும் நீரைச் சுத்தமான குப்பியில் பிடித்து, அது மூளை நீரா என்று காட்டும் பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் சோதனைக்கு அனுப்புங்கள்.